இறந்தோர் மாதத்தில் தனியாக ஒரு மன்றாட்டு

எனக்குத் தமிழ் பேச வரும், பாட வரும், எழுதப் படிக்க வராது. மலாய்ப் பள்ளியில் படித்தவள். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் திரையில் தமிழ்ப் பாட்டு ஆங்கில எழுத்தில்தான் ஓடும். அதைப் பார்த்துத்தான் இத்தனை வருடம் பாடினேன். பாடகர் குழுவில் பாதிப் பேர் என் கட்சிதான்.

போன வருடம் குழுவில் ஒரு பெண் சேர்ந்தார். இலங்கையிலிருந்து அகதியாக வந்து கிள்ளானில் தையல் கடையில் இருப்பவர். ஆங்கில எழுத்து அவருக்கு ஓடாது. போர் முடியும்போது ராணுவத்திடம் சரணடையப் போன அவருடைய தம்பி திரும்பவே இல்லை. தம்பிக்காக ஞாயிறு பூசையில் ஒரு மன்றாட்டு வேண்டும், அதைத் தமிழ் எழுத்தில் திரையில் போட முடியுமா என்று கேட்டார். மன்றாட்டு தயாரிப்பது என் பொறுப்பு. போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தமிழ் எழுத்து தெரியாது என்பது உறைத்தது.

போனில் ஆங்கில எழுத்தில் அடித்தால் அதுவே தமிழில் தரும் என்றாள் என் மகள். தந்தது. ஆனால் சரியா தப்பா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? ஒருத்தருடைய தம்பியைப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டு எழுத மாட்டேன்.

அவரிடமே எழுத்துக் கற்றுக்கொள்ள, வேலை முடிந்ததும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போவேன். அவர் சொல்லச் சொல்ல, வெட்டிப் போட்ட துணியில் தையல் சாக்பீஸால் எழுதுவேன். போர். முற்றுகை. குண்டுவீச்சு. பிழை என்றால் துணியை உதறி என் முன்னாலேயே திரும்பப் போடுவார். பதுங்குகுழி என்று எழுதிய அன்று, "மழை பெய்தா அதுக்குள்ள தண்ணி நிண்டுடும் அக்கா. தம்பியை நான்தான் தூக்கி வச்சிருப்பன்" என்றார். அதற்கு மேல் அன்று எனக்கு எழுத ஓடவில்லை.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் குழுத் தலைவர் என் மன்றாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். எங்கள் கோயிலில் நவம்பர் இறந்தோர் மாதம், மாதம் முழுக்க இறந்தவர்களுக்காக வேண்டுவோம். "இறந்தவங்க மன்றாட்டோட இதையும் சேர்த்துடு லா. எதுக்குத் தனியா?" என்றார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.

"அங்கிள், அவன் செத்தவன் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் அந்தப் பெண்.

"இத்தனை வருஷம் ஆச்சேம்மா."

அந்தப் பெண் கைப்பையை எடுத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சேர்க்க மாட்டேன் அங்கிள். தனியாத்தான் போடுவேன். இல்லன்னா வேற ஆளைப் பார்த்துக்குங்க."

"சரி லா, சரி. கோவப்படாத."

அன்று இரண்டு பேரும் கோயில் படியில் உட்கார்ந்தோம். அதுவரை அவர் எனக்குச் சொல்லித் தராத ஒரு சொல் இருந்தது. காணாமல் ஆக்கப்பட்டோர். செத்தவர் இல்லையென்றால் என்னவென்று எழுதுவது என்று நானே கேட்டு வாங்கி, கை வலிக்கும்வரை எழுதினேன்.

ஞாயிறன்று மன்றாட்டு தமிழ் எழுத்தில் திரையில் வந்தது. எங்கள் ஆட்கள் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியாது என்பதால் நான் மைக்கில் வாசித்தேன். தடுமாறவில்லை. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயில் முழுக்கப் பதில் சொன்னது. அவர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பூசை முடிந்து வாசலில் என் கையைப் பிடித்தார். "நவம்பர் முடிஞ்சாலும் போடுவீங்களோ, அக்கா?"

"உங்க தம்பி வர்ற வரைக்கும் போடுவேன்" என்றேன்.

அப்போதுதான் அவர் அழுதார்.