யேசு அண்ணை வெட்டிய சுரங்கம்

நேற்று கொலோனிலிருந்து பிராங்பேர்ட்டுக்கு அதிவேக ரயிலில் போனேன். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. எச்சிலை விழுங்கினால் சரியாகிவிடும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் யேசு அண்ணை. மன்னார்க்காரர். அந்தச் சுரங்கங்களை வெட்டிய ஆட்களில் ஒருவர்.

அப்போது எனக்கு பிராங்பேர்ட்டில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை, மனைவி கொலோனில். வெள்ளிக்கிழமைகளில் ரைன் கரையோடு வளைந்து வளைந்து போகும் பழைய ரயிலில் வீட்டுக்கு வருவேன். இரண்டரை மணித்தியாலம். அண்ணை கோப்ளென்ஸில் ஏறுவார், தலைமயிரில் சீமெந்துத் தூசியோடு. "மலையைக் குடையிறம் தம்பி. வேலை முடிஞ்சால் ஒரு மணித்தியாலத்திலை வீட்டை நிப்பீர்," என்பார். நான் நம்பவில்லை. நான் எதைத்தான் உடனே நம்பியிருக்கிறேன்?

மூத்தவன் பிறந்தபோது நான் அந்தப் பழைய ரயிலில்தான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர, பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுற்றி வைத்திருந்தார்கள். மனைவி என்னைப் பார்க்காமல் பிள்ளையின் துணியைச் சரிசெய்தாள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மகள் வயிற்றில் இருக்கும்போது புதுப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஒரு காலை வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, மனைவி போன் எடுத்தாள்.

"வலி தொடங்கிட்டுது. இந்த முறை வந்திடுவியளோ?"

ஏப்ரனைக் கழற்றவும் மறந்து ஓடினேன். பெட்டிக்குள் இருந்த திரையில் வேகம் முன்னூறு என்று காட்டியது. வெளியே மரங்கள் ஒன்றோடொன்று கலந்து பச்சைக் கோடாயின. நான் ஒரு இயந்திரத்தைக் கும்பிட்டது அன்றைக்குத்தான். பிள்ளை பிறக்க இருபது நிமிடம் இருக்கையில் மனைவியின் கையைப் பிடித்தேன்.

"வெங்காயம் மணக்குது," என்றாள். கையை விடவில்லை.

பிள்ளை பார்க்க அண்ணையும் அந்தப் புது ரயிலில் வந்தார். பயணம் எப்படி என்று கேட்டேன்.

"ரெண்டு வருசம் நிண்டு வெட்டின சுரங்கம் தம்பி. ஒரு நிமிசத்திலை முடிஞ்சுபோச்சு," என்று சொல்லிவிட்டு, கண் கலங்கும்வரை சிரித்தார்.

பிறகு வேறொரு சுரங்க வேலைக்கென்று சுவிஸ் போனார். அங்கேயே காலமானார். மலையடியில் அவரும் கூட்டாளிகளும் தங்கியிருந்த தகரக் கொட்டில்களை ஒருமுறை தேடிப் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இடுப்பளவு புல், நாலைந்து மாடுகள் மேய்ந்தன. சுரங்க வாசலில் ஒரு ரயில் வெளிப்பட்டு மறைந்தது. மாடுகள் தலை நிமிரவில்லை.