மேசைக்குக் கீழே, மண்ணுக்குக் கீழே

தட்டில் இருந்த தேநீர்க் கோப்பை கிணுகிணுத்ததுதான் இன்றும் என் காதில் நிற்கிறது. கொள்ளுப்பிட்டியில் எங்கள் அலுவலகக் கூட்ட அறை. பொஸ், எதிரே நாங்கள் மேடம் என்றழைக்கும் பிரதம பொறியியலாளர், ஓரத்தில் குழாய் வரைபடம் கீறுபவனாகிய நான். கொட்டாஞ்சேனையில் ஒரு பிள்ளைப்பேற்று மருத்துவமனைக்கு வீதிக்கு அடியால் போகவிருந்த தண்ணீர்க் குழாயைப் பற்றித்தான் வாக்குவாதம். நிலம் அசைந்தால் குழாய்த் துண்டுகள் பொருந்தும் மூட்டில்தான் கழன்றுபோகும் என்பது மேடத்தின் கவலை. இழுத்தால் நீண்டு, வளைத்தால் வளைந்து, ஆனாலும் கழலாத மூட்டுகள் வேண்டும் என்றார். பொஸ்ஸுக்கு அது வீண்செலவு.

"கொழும்பில ஆர் மேடம் பூமியதிர்ச்சி கண்டது?"

அவர் வாய் மூடவில்லை, கோப்பை கிணுகிணுத்தது. இதைச் சொன்னால் எவரும் நம்புவதில்லை. நானும் நம்பியிருக்க மாட்டேன். சின்ன அதிர்வுதான், கடற்கரை ரயில் போனால் அதைவிட ஆடும். என் உடம்புக்கு அந்தக் கணக்குத் தெரியவில்லை. மேசைக்குக் கீழே புகுந்து, கைக்கு அகப்பட்ட காலைக் கட்டிப்பிடித்து, வெள்ளவத்தைப் பிள்ளையார் முதல் கொச்சிக்கடை அந்தோனியார் வரை ஒருவரையும் விடாமல் கூப்பிட்டேனாம்.

"காலை விடும் ஐசே," என்றார் பொஸ்.

அறையே சிரித்தது. மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"இஞ்ச இவர் ஒருத்தர்தான் புத்தியாப் பயந்தவர். இவர் மேசைக்குக் கீழ பூந்திட்டார், சரி. குழாய் எங்க போய்ப் பூரும்? அது முதலே மண்ணுக்குக் கீழதானே கிடக்கு. பெரிசா ஒண்டு வந்தா, பிரசவ அறையில பைப்பைத் திறக்கிற நேர்ஸுக்கு என்ன சொல்லப் போறியள்?"

பொஸ் என் பக்கம் திரும்பினார். "மூட்டை மாத்திக் கீறும்," என்றார். மேசைக்குக் கீழிருந்து வெளியே வந்து கீறினேன்.

என் பயத்தைக் கண்டு சிரித்தவர்கள் ஏராளம். நானே அதைக் கதையாக்கிச் சபையைச் சிரிக்க வைப்பவன். அதை ஒரு நியாயமாக எடுத்துப் பேசியவர் மேடம் ஒருவர்தான்.

அவர் இப்போது பிள்ளைகளோடு கனடாவில் இருக்கிறார். போன மாதம் அதே மருத்துவமனையில் என் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. பெரிய அதிர்வு இன்னும் வரவில்லை, வராமலே இருக்கட்டும். ஆனாலும் நான் நடையில் நின்று, கை கழுவும் பைப்பைத் திறந்து, ஓடுகிற தண்ணீரைப் படமெடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். "ஐயா, பைப்பைப் பூட்டுங்கோ," என்று ஒரு நேர்ஸ் அதட்டிவிட்டுப் போனார்.

மேடத்தின் பதில் உடனே வந்தது: "பேத்தி பிறந்த நாளில பைப்பின்ர படம் அனுப்பிற அம்மப்பா உலகத்தில நீங்கள் ஒருத்தர்தான். தண்ணி நல்லா வருது. இனிப் போய்ப் பிள்ளையைப் பாருங்கோ."

போனேன்.