பாதையைப் பிடிக்க ஓடிய பஸ்

திருகோணமலையிலிருந்து கிண்ணியாவுக்குப் போகிறவர்கள் துறையில் இறங்கி நீரைக் கடக்கவேண்டும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வரும்வரை வெயிலில் காயவேண்டும். அதனால் எங்கள் ஆட்களுக்கு, பறந்துபோய்ப் பாதையைப் பிடிக்கிற சாரதிதான் கெட்டிக்காரன். நிதானமாக ஓட்டுகிறவனை மாட்டுவண்டிக்காரன் என்று கேலி செய்வார்கள். கேலி செய்த அதே ஆட்கள் பிறகு கைகால் முறிந்து, நட்டஈடு கேட்டு வழக்குப் போட என்னிடம் வருவார்கள். பிறக்கிராசியாக, அதாவது வழக்கறிஞனாக, இருந்த முப்பது வருடமும் அவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நன்றாக ஏசிவிட்டுத்தான் வழக்கை எடுப்பேன்.

ரபீக்காவை மட்டும் என்னால் ஏச முடியவில்லை.

அவள் கிண்ணியாவிலிருந்து தினமும் தயிர்ச்சட்டிகளோடு பட்டணத்துக்கு வந்து விற்றுப்போகிறவள். மாலையில் அவளுடைய புருஷன் ஸெய்னுதீன் பாதையில் இக்கரைக்கு வந்து நிற்பான். அவள் பஸ்ஸால் இறங்கியதும் வெறுங்கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்வான். பெண்சாதியின் கூடையைச் சுமக்கிறான் என்று துறையில் எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

1956ஆம் ஆண்டு, நோன்புக்காலம். நோன்பு திறக்குமுன் வீடு சேரவேண்டும் என்ற அவசரத்தில் துறைக்கு ஓடிய தனியார் பஸ், கடைசி வளைவில் ஸெய்னுதீனை அடித்துக் கொன்றுவிட்டது. ரபீக்கா அதே பஸ்ஸில் முன்சீற்றில் இருந்தாள்.

நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடிருந்து, விதவைக்குரிய இத்தா முடிந்த பிறகுதான் என்னிடம் வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"ஐயா, நான்தான் றைவர் தம்பிக்கிட்டச் சொன்னன். தம்பி, கொஞ்சம் அமத்தி விடுங்க, பாதை போயிரும் எண்டு. அவர் மெல்லமாத்தான் வந்தவர். நான் சொன்ன பிறகுதான் அமத்தினவர்."

"இதைக் கோட்டிலை சொல்லிப்போடாதேங்கோ," என்றேன். "சொன்னால் வழக்குப் போச்சு. உங்களுக்கு ஒரு பெண்குழந்தை இருக்கு."

"பரீதாட வாப்பாவைச் சாகடிச்சது நானா றைவர் தம்பியா எண்டு நீதவான் சொல்லமாட்டாரா? அதுக்குத்தான் ஐயா வந்தனான்."

விசாரணையன்று சாரதி தங்கத்துரை கூண்டில் ஏறினான். பஸ்காரரின் வழக்கறிஞர், பழியைப் பிரயாணிகளின் தலையில் கட்டிவிடலாம் என்ற ஆசையில், "யாராவது வேகமாகப் போகச் சொன்னார்களா?" என்று கேட்டார். தங்கத்துரை ஒருமுறை ரபீக்காவைப் பார்த்தான்.

"இல்லை ஐயா. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நானாத்தான் ஓடினனான்."

ரபீக்கா விசுக்கென்று எழுந்தாள். நான் கண்ணை உருட்டி அவளை உட்காரவைத்தேன். வழக்கை வென்றோம். தங்கத்துரை லைசன்ஸை இழந்து, இறக்கக்கண்டியில் தமையனோடு வலை இழுக்கப் போனான். அன்று எனக்கு வெற்றிக் களிப்பு. இன்றைக்கு அதை நினைக்க வெட்கமாயிருக்கிறது.

அதன்பின் ரபீக்கா பஸ்ஸில் ஏறவில்லை. வள்ளத்தில் வந்து தயிர் விற்றாள், மகளை வளர்த்தாள். பதினைந்து வருடம் கழித்து, பரீதாவின் கலியாணத்துக்குச் சொல்ல என் வீட்டுக்கு வந்தாள். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஐயா, நீங்க எத்தனை வழக்குப் பார்த்த ஆள். அண்டைக்கு நான் பேசாம இருந்திருந்தா, அந்தத் தம்பி மெல்லமா வந்திருப்பாரா?"

தங்கத்துரையைப் பற்றி நான் விசாரித்திருந்தேன். ஒன்பது வருடம் ஒரு கோழியைக்கூட அடிக்காத சாரதி. மாட்டுவண்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன்.

"இல்லை பிள்ளை. அவன் எப்பவும் வேகக்காரன்தான். நீங்கள் சொல்லாட்டிலும் ஓடித்தான் இருப்பான்."

அவள் கோப்பையை மெல்ல வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"நீங்களும் எனக்காகப் பொய்தான் சொல்றீங்க. நான்தான் செஞ்சதெண்டு ஒருத்தராவது ஒத்துக்கொண்டாத்தானே ஐயா, நான் பரீதாட வாப்பாக்கிட்ட மன்னிப்புக் கேக்கலாம்?"