வெயில் விழும் இடத்தில் ஒரு தளம்

சுடலைமணிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வண்டிச்சோலைக்கு மேலே ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். கொழுந்து வரத்து கூடிய மாதங்களில் அங்கே ராத்திரி பகல் என்றில்லாமல் மெஷின் ஓடும். எந்த பேரிங் எப்போது முனகும் என்று காதை அங்கேயே வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார். ரிட்டயர் ஆன மறுநாள் வீட்டு மிக்சியைக் கழற்றினார். அதற்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. கழற்றிய பிறகுதான் ஆயிற்று.

அப்புறம் கதவுக் கீல், அப்புறம் தண்ணீர்த் தொட்டி. மனைவி வேலாமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்தில் கொழுந்து பறித்தே முட்டி தேய்ந்தவள். வீடு மேட்டின் நிழல் பக்கம் என்பதால், மழைக்காலம் தொடங்கினால் குளிர் நேராக அந்த முட்டியில்தான் வந்து உட்காரும். இந்த வருஷம் கட்டிலைவிட்டு இறங்கவே கஷ்டப்பட்டாள். கோயமுத்தூரில் இருக்கும் மகள் கலைமதி போன் போட்டாள்.

"தீபாவளி முடிஞ்சதும் கார் எடுத்துட்டு வந்து அம்மாவக் கூட்டிட்டு வந்தர்றேம்ப்பா. குளிர் போறவரைக்கும் இங்க இருக்கட்டும்."

"செரி சாமி" என்றார். போனை வைத்ததும் மனசுக்குள் கணக்குப் போட்டார். குளிர் போகிறவரைக்கும் என்பார்கள். அப்புறம் பேத்திக்குப் பரீட்சை என்பார்கள். அப்புறம் இங்கே மறுபடி மழை தொடங்கிவிடும். போனவள் திரும்பி வருவதற்கு எங்கே நேரம்? வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும், அது தான்தான் என்பதையும் அவரே முடிவு செய்துகொண்டார். வேலாமணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மனுஷன் கேட்கவில்லை. போகாதே என்று சொல்ல ஆசைதான். வலியில் கிடப்பவளைத் தடுப்பது எந்த ஊர் நியாயம் என்று வாயை மூடிக்கொண்டார். அவருக்கு வாய் மூடினால் கை திறந்துவிடும்.

வாசலுக்கு எதிரே, சில்வர் ஓக் மரத்தை ஒட்டி ஒரு துண்டு மண்தரை உண்டு. காலை வெயில் முதலில் விழுவது அங்கேதான். மழை பெய்தால் வெறும் சேறு. அதில் பேவர் பிளாக் கல் பதித்து இரண்டு நாற்காலி போட்டுவிட்டால் வேலாமணி அங்கே உட்கார்ந்து வெயில் காயலாம். வெயில் இங்கேயே கிடைத்தால் கோயமுத்தூர் எதற்கு? இப்படி ஓடியது அவர் யோசனை.

கல்லை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கியவன் பக்கத்து வீட்டு ரொனால்ட். "ஒரு மேஸ்திரியக் கூப்புடலாமுங்களே அண்ணா?" என்றான்.

"ரோலர் மெஷினையே நிக்க வெச்சவன்டா நானு. கல்லுக்குப் போயி மேஸ்திரியா?"

மொபைலில் நாலைந்து வீடியோ பார்த்தார். மண்ணைத் தோண்டினார், திமிசுக்கட்டையால் இடித்தார், ஜல்லி கொட்டி மறுபடி இடித்தார், மேலே எம்-சாண்ட் பரப்பினார். இந்த மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு ரசமட்டத்தைக் கையில் எடுத்தார். ஃபேக்டரியில் மெஷினுக்குப் பீடம் போடும்போது இம்மி சாய்ந்தாலும் பேரிங் போய்விடும். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது. ஒவ்வொரு கல்லாக வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, கண்ணாடிக்குள் இருக்கும் குமிழ் நட்டநடுவில் வந்து நின்றால்தான் அடுத்த கல். ஒரு கல் சரியாக உட்கார மறுத்தால் சோறு இறங்காது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்த் தட்டிவிட்டு வருவார்.

வேலாமணி காப்பி டம்ளரோடு நொண்டிக்கொண்டு வந்து நிற்பாள். "ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும்."

"நூலு கட்டியிருக்கறது தெரியல? மிதிச்சறாத. காப்பிய வெச்சுட்டுப் போ."

அவள் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போவாள். போகிறவளை இவர் ஓரக்கண்ணால் பார்ப்பார். உடனே அடுத்த கல்லை எடுத்துவிடுவார்.

தளம் முடிந்தது. கேரம் போர்டு மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. காலையில் கதவைத் திறந்தால் தளம் முழுக்கத் தண்ணீர், அசையாமல் நிற்கிறது. சுவரோரம் ஈரம் மேலேறிக்கொண்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ரொனால்ட் பல் விளக்கிக்கொண்டிருந்தான்.

"வாட்டம் உடலீங்களா அண்ணா? தண்ணி எந்தப் பக்கம் போகும்?"

சுடலைமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுற்றிலும் ஒரு மலையே சரிந்து கிடக்கிறது. அதன் நடுவில், மெனக்கெட்டு, சரிவே இல்லாத ஒரே இடத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார். கலைமதி அன்றைக்குத்தான் வருவதாகச் சொல்லியிருந்தாள். கடப்பாரையை எடுத்துவந்து கற்களைப் பெயர்க்க ஆரம்பித்தார். வாசல் பக்கம் உயர்த்தி, சாக்கடைப் பக்கம் தாழ்த்தி நூலைக் கட்டினார். தூறலில் மணல் குழைந்தது. கல் வழுக்கியது. வைத்த கல்லையே திரும்பத் திரும்ப எடுத்து வைத்தார். பாதிகூட முடியவில்லை, கார் வந்து நின்றுவிட்டது.

கலைமதி இறங்கி வந்து அப்பாவைப் பார்த்தாள். தலை முதல் கால் வரை மண். வேலாமணி பெரிய பை ஒன்றை இழுத்துக்கொண்டு படியில் வந்து நின்றாள்.

ஈர மணலில் முட்டி போட்டிருந்த சுடலைமணி எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தபடியே சொன்னார். "போகாத வேலா."

"என்னதுங்க?"

"இங்கயே வெயிலு வரும். இன்னிக்கு முடிச்சுருவேன். நீ போயிட்டீன்னா இந்த ஊட்டுல நான் எப்புடி இருப்பேன்? என்னால முடியாது."

இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கலைமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலாமணி பையைப் படியில் வைத்து ஜிப்பைத் திறந்தாள். மேலாக அவருடைய பழுப்பு ஸ்வெட்டர், அதன் கீழே இரண்டு வேட்டி, அவருடைய பிரஷர் மாத்திரை டப்பா. அவளுடைய சேலைகள் அதற்கும் அடியில் இருந்தன.

"உங்கள உட்டுட்டுப் போறேன்னு யாருங்க சொன்னா?"

சுடலைமணி யோசித்துப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை.

"ரொனால்ட் ஊட்டுச் சாவிய வாங்கிக்கறேன்னுட்டான். இதச் சொல்றதுக்கு எத்தன வாட்டி உங்ககிட்ட வந்து நின்னேன்."

அவர் அழுதார். மழையில் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். நன்றாகவே தெரிந்தது. மண் கையோடு பெயர்ந்து கிடந்த கற்களைப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கல்லு?"

"அது எங்கயும் போகாது. நீங்க மேலுக்குத் தண்ணி ஊத்திட்டு வாங்க, கெளம்பலாம்" என்றாள் வேலாமணி.