மகள் எடுத்த படம்

டிப்போவில் அவருக்குப் 'புகார்ப் பெட்டி' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து ஓட்டுகிற மனிதர். கேமரா போன் கைக்கு வந்த நாளிலிருந்து ஊரில் எந்தத் தப்பையும் சும்மா விட்டதில்லை. மூடாத சாக்கடை, ஒழுகும் குழாய், வழியை மறித்து நிற்கும் கார், எல்லாவற்றையும் படமெடுத்து அந்தந்த அலுவலகத்துக்குத் தட்டிவிடுவார். சிக்னலைத் தாண்டிய சக ஓட்டுநரைக்கூட விட்டுவைக்கவில்லை.

"தப்புன்னா தப்புதான். வேண்டியவன் வேண்டாதவன்னு பார்த்தா ஊரு உருப்படுமா?" என்று சாப்பாட்டு மேசையில் பிரசங்கம் நடக்கும். கேட்டு வளர்ந்த மகளுக்கு இப்போது பதினான்கு வயது. அப்பாவின் பழைய போனும் அப்பாவின் குணமும் ஒன்றாகவே அவள் கைக்கு வந்து சேர்ந்தன. பள்ளிக்கும் அவர் பேருந்திலேயே, முன் இருக்கையில் போவாள்.

ஒரு வியாழக்கிழமை, டிப்போ மேலாளர் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். ஓடுகிற வண்டி, ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கையில் போன், கண் போனில். சாட்சாத் அவரேதான். விசாரணை முடியும்வரை வண்டியைத் தொடக் கூடாதாம். எடுத்தது யார் என்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. படத்தின் ஓரத்தில் மகளுடைய பச்சைப் பையின் வார் தெரிந்தது.

"புகார்ப் பெட்டிக்கே புகாரா!" என்று வெளியே யாரோ சிரித்தார்கள்.

நேரே வீட்டுக்கு வந்தார். ஊரான் செய்திருந்தால் நாலு வசவோடு போயிருக்கும். தோளில் போட்டு வளர்த்த பெண் அல்லவா செய்திருக்கிறாள்!

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியே! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்ப்பா."

"எப்போ?"

"நேர்ல பேசினா போனைப் பார்த்துக்கிட்டே 'ம்'னு சொல்லுவீங்க. அதான் போன்லயே அனுப்பினேன். எடுத்துப் பாருங்க."

பார்த்தார். திங்கட்கிழமை காலை அதேபோல் ஒரு படம். கீழே, 'அப்பா, பயமா இருக்கு. ஓட்டும்போது போன் வேணாம்.' அதற்கு அவர் போட்ட பதில், ஒரு கட்டைவிரல். செவ்வாய்க்கிழமை ஒரு படம், ஒரு கட்டைவிரல். புதன்கிழமையும் அப்படியே. எதையும் படித்த ஞாபகமே அவருக்கு இல்லை.

"முதல் நாள் அந்தக் கட்டைவிரலைப் பார்த்து நம்பிட்டேன்ப்பா," என்றாள் மகள். "அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன். நீங்க அதை அழுத்தினப்போ வண்டி பாலத்து மேல போய்க்கிட்டு இருந்துச்சு."