ஆழ்மனமும் கழுவாத தட்டும்

“அப்படியா? நீங்க போய்ப் பாத்தீங்களா?”

டைப்பிஸ்ட் அக்கா மனநல மருத்துவரின் குரலோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். மருத்துவர் உள்ளறையில் அறிக்கையைப் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார். அதை ஹெட்ஃபோனில் கேட்டுத் தட்டச்சு செய்வது அக்காவின் வேலை. வரிக்கு வரி பதில் சொல்வது அவராகச் சேர்த்துக்கொண்டது. பக்கத்து மேசையில் டோக்கன் கொடுக்கும் எனக்குச் சண்டையில் அக்காவின் பாதிதான் கேட்கும். அதுவே போதும்.

பதினோரு வருடமாக இதே கதை. ஆண் கோபப்பட்டால் வேலைப்பளு என்று முடித்துவிடுகிற மருத்துவர், பெண் தலைவலி என்று வந்தால்கூட ஆணாகப் பிறக்காத ஏக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். ஆண் மேல் பொறாமையாம். “பொறாமைதான், யாரு இல்லேன்னா? ஞாயித்துக்கிழமை ஆம்பளைக்கு லீவு, நமக்கு உண்டா?” என்பார் அக்கா, விரல் நிற்காமல்.

போன வாரம் பேருந்து ஓட்டும் அம்மா ஒருவர் வந்தார். வீட்டில் தட்டைத் தூக்கி எறிந்தார் என்று கணவர் பணிமனையில் போய்ப் புகார் சொல்ல, மருத்துவர் அறிக்கை வரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றுவிட்டார்கள் அந்த அம்மாவை. காத்திருந்த நேரத்தில் எங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார், பாவம்.

“தட்டை எறிந்தது, தாய்மையை மறுக்கும் ஆழ்மன விருப்பம்” என்று அறிக்கையை முடித்தது மருத்துவரின் குரல். அக்கா அடித்தார். அடித்த வேகத்தில், வாய் சொன்ன பதிலையும் விரல் சேர்த்து அடித்துவிட்டது: “நாலு நாளா புருஷன் தின்ன தட்டு கழுவாம கெடந்தா யாரா இருந்தாலும் எறிவாங்க.” மருத்துவருக்குப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பழக்கம் கிடையாது. அறிக்கை அப்படியே போய்விட்டது.

இன்று பணிமனை மேலாளர் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார்; ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது. “மேல எழுதினது ஒண்ணும் புரியல டாக்டர். கடைசி வரி நல்லாப் புரிஞ்சுது. திங்கக்கிழமையே அவங்களுக்கு வண்டி குடுத்துடறோம்.”

மருத்துவர் வெளியே பாய்ந்து வந்தார். “அந்த வரியை எடுங்க! ‘வண்டி ஓட்டத் தகுதியில்லை’ன்னு சேத்து இப்பவே புதுசா அடிங்க. இல்லேன்னா நாளைக்கு இந்த மேசையில வேற ஆள் இருப்பாங்க.”

அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீடே ஓடுகிறது. அக்கா எழுந்து, தன் நாற்காலியை மருத்துவர் பக்கம் நகர்த்திப் போட்டார். “உக்காந்து நீங்களே அடிங்க.”