கொழுந்துக்காரிகள் இல்லாத வரவேற்பறை

கண்டியில் பல் கட்டும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். லீவு நாட்களில், பல் செதுக்கும் அதே கத்திகளால் பெருவிரல் உயரப் பிளாஸ்டிக் பொம்மைகளை வேறு ஆட்களாக மாற்றுவேன். துப்பாக்கி பிடித்த சிப்பாயின் கைகளை அறுத்து, இடுப்புக்குக் கீழே புட்டிப் பசையை அப்பிப் பாவாடைபோல மடிப்பு மடிப்பாகக் கீறினால் விக்டோரியா காலத்து நாவலில் வரும் சீமாட்டி ஒருத்தி வந்துவிடுவாள். பிறகு சாயம் தீட்டுவேன். அந்த நாவல்கள் மீது எனக்குப் பள்ளிக்கூடக் காலத்துப் பைத்தியம்.

போன வருடம் ஆங்கில வாசகர் வட்டம் ஒன்று கண்காட்சி வைத்தது. அதன் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்தவர். "பிள்ளை, ஒரு வரவேற்பறைக் காட்சி செய்து தாருமன். பின்னேரத் தேத்தண்ணி. எல்லா நாவலிலயும் வருகுதுதானே" என்று கேட்டார்.

மூன்று மாதம் அதிலேயே கிடந்தேன். நான்கு சீமாட்டிகள், பூப்போட்ட சுவர், அரிசி அளவில் கோப்பைகள். தேநீர்க் கேத்தலுக்குச் சாயம் பூசும்போதுதான் அந்த யோசனை வந்தது. என் அம்மா புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். வரவேற்பறைக்கு முன்னால் தேயிலைச் சரிவொன்றை அமைத்து, ஐந்து பெண்களை அதில் நிறுத்தினேன். அம்மா பொம்மைகளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"கூடைக் கயிறு நெத்தியில இல்ல புள்ள, உச்சந்தலையில. இப்புடிப் போட்டா கழுத்து போயிரும்."

ஐந்தையும் சுரண்டி மறுபடி செய்து, கண்காட்சிக்கு முதல் நாள் எல்லாவற்றையும் மண்டபத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

கண்காட்சியன்று காலை அம்மா திருவிழாவுக்கு உடுத்தும் சேலையைக் கட்டிக்கொண்டார். நாங்கள் இருக்கும் அம்பிட்டியவிலிருந்து பஸ்ஸில் போனோம். தலைவி வாசலிலேயே "வாங்கோ அம்மா" என்று கைகூப்பினார். உள்ளே போய்ப் பார்த்தால், என் சரிவின் மேல் ஒரு பச்சைத் துணி. தூக்கினேன். பெண்கள் நின்ற இடத்தில் காய்ந்த பசைப் பொட்டுகள் ஐந்து இருந்தன. மேசைக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின்னில் அவர்களைப் போட்டிருந்தார்கள். இரண்டு பேருக்குக் கணுக்காலோடு கால் முறிந்திருந்தது.

"மிஸ், இத யாரு கழட்டினது?"

"நான்தான். கோவிக்காதையும் பிள்ளை. வடிவாத்தான் செய்திருக்கிறீர். ஆனா எந்த நாவலில கூலியாக்கள் வருகினம்? பாக்கிற சனம் குழம்பிப் போயிடும்."

கூலியாக்கள். கதிரை, மேசை என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அம்மா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அப்ப இந்தத் தேத்தண்ணி எங்கேருந்து வந்துச்சு மிஸ்?"

அவர் சிரித்தார். "அது கதைக்குத் தேவையில்லையே."

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. பையிலிருந்த இடுக்கியை எடுத்தேன். கேத்தல், பால் குவளை, கோப்பைகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி டின்னுக்குள் போட்டேன்.

"என்ன செய்யிறீர்? ஆக்கள் வரப் போகினம்!"

"கொழுந்து பறிக்கிறவங்க வேணாம்னா தேத்தண்ணியும் வேணாம்."

சீமாட்டிகள் நால்வரும் வெறும் விரல்களை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார்.

"விடு புள்ள. அவங்க படிச்சவங்க. வா, போவோம்."

தலைவியின் சொல்லைவிட அதுதான் எனக்கு வெறியேற்றியது. "நீங்க சும்மா இருங்கம்மா!" என்று மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். யாருக்காகச் சண்டை பிடித்தேனோ அவரையே வாயை மூடச் சொன்னேன். அம்மா சுவரோரக் கதிரையொன்றில் போய் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினோம். பஸ்ஸில் அம்மா அதை மடியில் வைத்துத் திறந்து, முறிந்த காலொன்றைப் பொருத்திப் பார்த்தார்.

"இது ஒட்டுமா?"

"ஒட்டும்."



ஒரு வாரம் கழித்துத் தலைவி தொலைபேசியில் அழைத்தார். வருத்தம் தெரிவிக்கப் போகிறார் என்று நினைத்தேன். "அந்தக் கோப்பையளை மட்டும் தாருமன். படம் எடுக்க வேணும்" என்றார். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். அதன்பிறகு என்னை அந்த வட்டம் எதற்கும் கூப்பிடுவதில்லை.

கத்தியதற்காக அம்மாவிடம் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அது அப்பவே மறந்து போச்சு" என்றார். எனக்கு மறக்கவில்லை. அந்தக் கோபம் ஆறவும் இல்லை, அதை ஆற்றிக்கொள்ள எனக்கு மனமும் இல்லை.